செக்ரோல் நோட்டும் கறுப்புத் திரையும்

காப்பி எஸ்டேட்டில் இருபத்தொன்பது வருஷம் ரைட்டராக இருந்தவன் நான். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவர் என்று நினைத்துக்கொண்டு சேலத்தில் ஒருவர் என்னிடம் சிறுகதை கேட்டார். எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் செக்ரோல் எழுதுகிறவன். இன்றைக்கு எத்தனை ஆள், யார் பழம் பறித்தது, யார் களை வெட்டியது, யாருக்கு அரை நாள், எத்தனை கிலோ பழம் இறங்கியது, எல்லாம் சாயங்காலத்துக்குள் நோட்டில் ஏறிவிட வேண்டும். ஏறவில்லை என்றால் சம்பளத்தன்று என் சட்டையைப் பிடிப்பார்கள். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. ஒரு கிலோ வெங்காயம் வாங்கப் போனாலும் சீட்டில் எழுதிக்கொண்டுதான் போகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு நாகலூர் பக்கம் ஒரு சின்னப் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு கூடம், தகரக் கூரை, ஆறு மடிக்கணினிகள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, பகோடா பாயின்டில் போட்டோ எடுத்து, ஒண்டிக்கடையில் டீ குடித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வருகிறவர்கள் எல்லாம் சுற்று வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள். பாதிப் பேருக்கு அப்பா அம்மா எஸ்டேட் வேலை.

ஆறில் நான்கு மடிக்கணினிகள், அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள். 2011 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியது. அப்போது வந்த பெட்டிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பாஸ் என்பது சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இந்திய லினக்ஸ் இயங்குதளம். 2007-இல் முதல் பதிப்பு வந்தது. அதே சமயத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனமும், உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. ஆக, லினக்ஸ் நம் வீடுகளுக்குள் வந்து பல வருஷம் ஆகிறது. பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். படித்து முடித்த பிள்ளைகள் பரணில் போட்டிருந்த பெட்டிகளைக் கேட்டு வாங்கினேன். அவற்றில் இப்போது டெபியன் ஓடுகிறது. பாஸும் டெபியனிலிருந்து கிளைத்ததுதான்; ஒரே குடும்பம். திரைக்கு க்னோம் என்ற முகப்பு. பழைய பெட்டிகள், கொஞ்சம் மூச்சு வாங்கும். ஆனால் ஓடுகின்றன.

இதில் கறுப்புத் திரை, அதாவது கட்டளை தட்டும் டெர்மினல், எங்கே வந்தது என்றால், போனில் வந்தது.

என் அக்கா மகன் பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிறான். ஒரு நாள் ஒரு பெட்டியில் எழுத்துகள் எறும்பு மாதிரி சிறுத்துத் தெரிந்தன. சாயங்காலம் பேப்பர் படிக்க வரும் பெரியவர் ஒருவருக்குக் கண் தெரியவில்லை. அவனைக் கூப்பிட்டேன்.

"மேல வலது மூலையில சின்னதா ஒரு முக்கோணம் தெரியுதா மாமா?"

"முக்கோணம் எதுவும் இல்லப்பா. பேட்டரி படம்தான் இருக்கு."

"சரி, அதையே அழுத்துங்க. செட்டிங்ஸ்னு இருக்கும் பாருங்க."

"இங்க எல்லாமே தமிழ்ல இருக்குடா."

அவன் திரையில் ஆங்கிலம், என் திரையில் தமிழ். அவனுடையது புதிய பதிப்பு, என்னுடையது பழையது. இருபது நிமிஷம் இரண்டு பேரும் கண்ணாமூச்சி ஆடினோம். நடுவில் மூடுபனியோடு சிக்னலும் போய்விட்டது. அரை மணி நேரம் கழித்து அவனிடமிருந்து ஒரு எஸ்எம்எஸ் வந்தது. ஒரே ஒரு வரி. "டெர்மினலைத் திறந்து இதை அப்படியே தட்டி என்டர் அழுத்துங்க மாமா" என்று கீழே எழுதியிருந்தான். தட்டினேன். என்டர் அழுத்தினேன். கண்ணெதிரே திரை முழுக்க எழுத்துகள் பெருத்துப் போயின. பெரியவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

அந்த வரியை அன்று இரவே நோட்டில் எழுதிவைத்தேன். எனக்கு இதில் பிடித்துப்போனதே அதுதான்: நோட்டில் எழுத முடிகிறது. மவுஸை எங்கே நகர்த்தினேன், எந்தப் படத்தை அழுத்தினேன் என்பதை எந்தச் செக்ரோலில் ஏற்றுவது?

முதலில் செட்டிங்ஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு செயலி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கான குறிப்புகள், அவ்வளவுதான். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கட்டும், கடிகாரம் பன்னிரண்டு மணிக் கணக்கா இருபத்து நான்கா, எத்தனை நிமிஷம் சும்மா கிடந்தால் திரை அணையட்டும். இந்தக் குறிப்புகளை மாற்ற இரண்டு வழி உண்டு. மளிகைக் கடையில் விரலை நீட்டி, "அது... அது இல்ல, அதுக்குப் பக்கத்து டப்பா" என்று காட்டுவது மவுஸ் வழி. "பொடி ரவை அரைக் கிலோ" என்று பெயர் சொல்லிக் கேட்பது கட்டளை வழி. கடைக்காரர் டப்பாக்களை இடம் மாற்றி அடுக்கிவிட்டால் விரல் நீட்டுகிறவன் திணறுவான். பெயர் தெரிந்தவனுக்குக் கவலை இல்லை. கடைக்குப் போகாமல் போனிலேயேகூடச் சொல்லிவிடலாம்.

க்னோம் முகப்பில் இப்படிப் பெயர் சொல்லிக் கேட்கும் கருவியின் பெயர் ஜிசெட்டிங்ஸ். கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். இங்கே உச்சரிப்பை மட்டும் தமிழில் தருகிறேன். அன்று வந்த வரி இது: ஜிசெட்டிங்ஸ், செட், ஆர்க் புள்ளி க்னோம் புள்ளி டெஸ்க்டாப் புள்ளி இன்டர்ஃபேஸ், டெக்ஸ்ட் ஸ்கேலிங் ஃபாக்டர், 1.25. காற்புள்ளி போட்டிருக்கும் இடங்களில் எல்லாம் வெற்றிடம். டெக்ஸ்ட் ஸ்கேலிங் ஃபாக்டர் என்ற மூன்று சொற்களுக்கு நடுவே மட்டும் சின்னக் கோடு.

பார்க்க மிரட்டும். பிரித்துப் பார்த்தால் தபால் முகவரிதான். ஜிசெட்டிங்ஸ் என்பது தபால்காரர். செட் என்பது அவருக்கு இடும் வேலை, மாற்றி வை என்று. புள்ளி வைத்த நீளப் பெயர், தெருவும் ஊரும். அதை ஸ்கீமா என்கிறார்கள். அடுத்தது கதவு எண். அதற்குக் கீ என்று பெயர். கடைசியில் உள்ளே போட வேண்டிய மதிப்பு. 1.25 என்றால் வழக்கமானதைப் போல ஒன்றேகால் பங்கு.

அடுத்த வாரம் நானே துணிந்து தட்டினேன். 1.25 என்பதற்கு 12.5 என்று புள்ளி இடம் மாறிவிட்டது. திரை வெடித்துவிடும் என்று நினைத்தேன். அதுவோ, கொடுத்த மதிப்பு வரம்புக்கு வெளியே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. ஸ்கீமாவின் வேலை இதுதான். ஒவ்வொரு கீயும் எண்ணா, எழுத்தா, ஆமா இல்லையா, எதிலிருந்து எதுவரை போகலாம் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். செட் இருந்த இடத்தில் ரேஞ்ச் என்று போட்டுக் கேட்டால் அதுவே சொல்லும்: இந்தக் கீக்கு 0.5 முதல் 3 வரை. டிஸ்கிரைப் என்று கேட்டால் அந்தக் கீ எதற்கு என்று ஒன்றிரண்டு வரியில் விளக்கும்.

எஸ்டேட்டில் பழம் இறங்கும் காலத்தில், பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பரை ஓட்டுவதற்கு முன் மேஸ்திரி என்ன செய்வார்? உருளைக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்ப்பார். இடைவெளி குறைந்தால் கொட்டை அடிபடும். கூடினால் பழம் தோலோடு அப்படியே வெளியே வரும். பழத்தின் பருமன் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் ஒரு கைப்பிடி போட்டு ஓட்டிப் பார்த்து, திருகைக் கொஞ்சம் திருப்புவார். ஆனால் திருப்புவதற்கு முன் திருகு எங்கே நின்றது என்று சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொள்வார். ஜிசெட்டிங்ஸில் அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பெயர் கெட். செட் போடுவதற்கு முன் கெட் போட்டால் இப்போது இருக்கும் மதிப்பு தெரியும். நான் அதை நோட்டில் இடது பக்கம் எழுதுவேன், புதியதை வலது பக்கம். இரண்டுமே சரியில்லை என்றால் ரீசெட் இருக்கிறது. அந்தக் கீயை மட்டும் ஆதி நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

படிப்பகத்தில் எனக்கு அதிகம் பயன்பட்டது தமிழ் விசைப்பலகை வரி. பிள்ளைகளுக்குத் தமிழ்99 கற்றுத் தருகிறேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற அமைப்பு அது. அதில் அம்மா என்று எழுத நான்கே தட்டல்: ஏ, கே, கே, க்யூ இருக்கும் கட்டைகள். இரண்டு மகரம் அடுத்தடுத்து வந்தால் முதல் மகரத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். இதைப் பார்த்த ஒரு ஏழாம் வகுப்புப் பெண், "ரைட்டரய்யா, இதுக்கு ஒற்று மிகும் இடமெல்லாம் தெரியுமுங்களா?" என்று கேட்டாள். அந்த அளவுக்குத் தெரியாது என்றேன்.

இந்த விசைப்பலகையை ஆறு பெட்டியிலும் மவுஸால் சேர்க்க ஒரு மதியம் போய்விடும். கட்டளையில் ஒரு வரிதான். ஆனால் பொல்லாத வரி. சதுர அடைப்பு, வளைவு அடைப்பு, ஒற்றை மேற்கோள், எல்லாவற்றையும் சுற்றி இரட்டை மேற்கோள். ஒரு குறி விட்டுப்போனாலும் ஏற்காது. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன், கட்டளை என்றாலே பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது.

டிகான்ஃப் என்று இன்னொரு கருவி உண்டு. ஜிசெட்டிங்ஸ் தபால்காரர் என்றால், டிகான்ஃப் தபால் போய்ச் சேரும் கிடங்கு. அதில் டிகான்ஃப், வாட்ச், ஒரு சாய்கோடு என்று தட்டிவிட்டால் அது காவல்காரன் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். இனி நீங்கள் வழக்கம்போல மவுஸாலேயே செட்டிங்ஸில் எதையாவது மாற்றுங்கள். மாற்றிய கணமே கறுப்புத் திரையில் அந்த இடத்தின் பெயரும் புதிய மதிப்பும் விழும். தமிழ்99-ஐ ஒரு பெட்டியில் மவுஸால் சேர்த்தேன். அடைப்பும் மேற்கோளுமாக முழு மதிப்பையும் அதுவே எழுதிக் காட்டியது. நகலெடுத்து மற்ற பெட்டிகளிலும் போட்டேன். இரண்டு நாள் இந்த வாட்சைத் திறந்துவைத்துக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்த்து, பதினொரு பக்கம் எழுதினேன். கடிகாரம் பன்னிரண்டு மணிக்கு, டச்பேடைத் தட்டினாலே க்ளிக், பேட்டரி எத்தனை சதவீதம் என்று எண்ணால் காட்டுவது, இடது கைப் பழக்கம் உள்ள பையனுக்கு மவுஸ் பொத்தான்களை மாற்றுவது. என் வயசில் இத்தனை உற்சாகம் ஆகாது என்று வீட்டில் சொன்னார்கள்.

ஆகாதுதான். மூன்றாம் நாள் அடி வாங்கினேன். ஒரு பெட்டியில் பிள்ளைகள் எதையோ குழப்பி வைத்திருந்தார்கள். ரீசெட் போட்டால் சரியாகிவிடும் என்று டிகான்ஃப், ரீசெட், கோடு எஃப், சாய்கோடு என்று தட்டினேன். வெறும் சாய்கோடு என்றால் கிடங்கின் வாசல். அதாவது உள்ளே இருக்கும் மொத்தமும். கோடு எஃப் என்றால் கேள்வி கேட்காமல் செய். அது கேள்வி கேட்கவில்லை. எழுத்தளவு, தமிழ்99, கடிகாரம், சுவர்ப்படம், அந்தப் பெட்டியில் நான் ஒரு மாதமாகச் செய்தது எல்லாம் ஒரு என்டரில் போனது. அன்றைக்கு எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. நோட்டு இருந்ததால் மறுநாள் காலையில் ஒவ்வொரு வரியாகத் திரும்ப ஏற்றினேன்.

அக்கா மகன் சிரித்தான். "கையால எதுக்கு மாமா எழுதறீங்க? அதுவே எழுதிக் குடுக்கும்." டிகான்ஃப், டம்ப், சாய்கோடு, பிறகு வலப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி, ஒரு கோப்பின் பெயர். நாம் மாற்றிய செட்டிங்ஸ் மட்டும் அந்தக் கோப்பில் வரிசையாக வந்து விழும். மாற்றாததை அது எழுதுவதில்லை, அதனால் கோப்பும் சிறியது. அடைப்புக்குள் தெருப் பெயர், அதன் கீழே கதவு எண், சமக்குறி, மதிப்பு. திறந்து படிக்கலாம், திருத்தலாம், அச்செடுத்துச் சுவரில் ஒட்டலாம். கிடங்கின் மூலக் கோப்பு அப்படி இல்லை. அது கணினிக்கு மட்டும் புரிகிற வடிவம், திறந்தால் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். புதிய பெட்டி வந்தால் டம்ப் என்ற இடத்தில் லோட் என்று போட்டு அம்புக்குறியை இடப்பக்கம் திருப்பினால் போதும். ஐந்தாவது பெட்டிக்கு ஒரு மதியம் ஆனது. ஆறாவது பெட்டிக்கு டீ ஆறுவதற்குள் முடிந்தது.

ஒன்று எச்சரிக்க வேண்டும். டிகான்ஃபால் நேரடியாக எழுதவும் முடியும். ஆனால் கிடங்குக்காரனுக்கு ஸ்கீமா தெரியாது. எண் வேண்டிய இடத்தில் எழுத்தைக் கொடுத்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்வான். மாற்றுவதற்கு ஜிசெட்டிங்ஸ், வேடிக்கை பார்ப்பதற்கும் மொத்தமாக அள்ளி வைப்பதற்கும் டிகான்ஃப் என்று நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் செய்வது. ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் முன்னால் சூடோ சேர்த்துத் தட்டுவது. சூடோ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு செய் என்று பொருள். செட்டிங்ஸோ ஆளுக்கு ஆள் தனி. சூடோ போட்டால் நிர்வாகி கணக்கின் எழுத்துதான் பெரிதாகும், உங்களுடையது அப்படியே இருக்கும். தொரை பங்களாவில் விளக்கை ஏற்றிவிட்டுத் தொழிலாளர் லயத்தில் ஏன் இருட்டாக இருக்கிறது என்று கேட்பது மாதிரி.

கதவு எண்களும் என்றைக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. டச்பேட் செட்டிங்ஸ் க்னோமின் பழைய பதிப்புகளில் ஒரு ஸ்கீமாவில் இருந்தது, பிறகு வேறு ஸ்கீமாவுக்குக் குடி பெயர்ந்தது. என் நோட்டில் இரண்டு முகவரியும் உண்டு. இந்த ஜிசெட்டிங்ஸே 2010-இல் வந்ததுதான். அதற்கு முன் ஜிகான்ஃப் என்ற முறை இருந்தது. விண்டோஸில் இதே வேலையை ரெஜிஸ்ட்ரி என்ற கிடங்கும் ரெக் என்ற கட்டளையும் செய்கின்றன. ஆப்பிள் மேக்கில் டிஃபால்ட்ஸ் என்ற கட்டளை. அங்கே ரீட் என்றால் பார், ரைட் என்றால் எழுது. பெயர்கள்தான் வேறு. வீட்டில் எந்தக் கணினி இருந்தாலும் இந்தக் கதவு ஒன்று இருக்கும்.

பிள்ளைகளோடு நடந்த பூட்டுச் சண்டையைச் சொல்லாமல் விட முடியாது. சுவர்ப்படம் தினமும் மாறும். காலையில் ஒரு நடிகர், மாலையில் அவருக்கு ஆகாத இன்னொரு நடிகர், நடுவில் கைகலப்பு. டிகான்ஃபில் பூட்டும் வசதி உண்டு. ஈடிசி ஃபோல்டருக்குள் டிகான்ஃப் என்று ஒன்று இருக்கிறது. அங்கே எல்லோருக்கும் பொதுவான மதிப்பை ஒரு கோப்பில் எழுதி, லாக்ஸ் என்ற இடத்தில் அந்தக் கீயின் பெயரையும் எழுதி, ப்ரொஃபைல் என்ற இடத்தில் இந்தப் பொதுக் கிடங்கையும் படி என்று குறித்து, டிகான்ஃப் அப்டேட் என்று தட்டினால் தீர்ந்தது. இதற்கு மட்டும் சூடோ வேண்டும். பிறகு யார் வந்து மாற்றப் பார்த்தாலும் மாறாது. ஏரிப் படம் ஒன்றைப் போட்டுப் பூட்டினேன். கூடம் அமைதியானது. ரொம்ப அமைதியானது. ஒரு வாரத்தில் வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். காரணம் கேட்டதற்கு மாரமங்கலத்துப் பையன் ஒருவன், "அது இப்ப உங்க கம்ப்யூட்டருங்கய்யா" என்றான்.

அன்றே சுவர்ப்படத்தின் பூட்டைத் திறந்துவிட்டேன். இப்போது இரண்டுக்கு மட்டும் பூட்டு: தமிழ்99 விசைப்பலகை, திரை அணையும் நேரம். அது சாதாரணமாக 300 நொடி. நான் 120 ஆக்கி வைத்திருக்கிறேன். கரென்ட் போகும் ஊரில், பழைய பேட்டரியில், அந்த மூன்று நிமிஷமும் காசு. நடிகர்கள் திரும்ப வந்துவிட்டார்கள். மாரமங்கலத்துப் பையன் என் நோட்டைப் பார்த்து ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறான். அதை ஓட்டினால் யார் கணக்கில் நுழைகிறார்களோ அவர்களுக்குப் பிடித்த எழுத்தளவும் படமும் வந்துவிடும். உள்ளே இருப்பதெல்லாம் ஜிசெட்டிங்ஸ் செட், ஜிசெட்டிங்ஸ் செட் என்று வரிசையாகப் பதினாலு வரிதான். அவனைப் பொறுத்தவரை அது மென்பொருள். நானும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவன் நிரலும் ஆறு பெட்டிகளின் டம்ப் கோப்புகளும் ஒரு பென் டிரைவில் இருக்கின்றன. அது என் டிரங்குப் பெட்டியில், நான் கடைசியாக எழுதிய செக்ரோல் நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் எதற்கு, எந்தத் தேதியில், மாற்றுவதற்கு முன் என்ன இருந்தது என்று கைப்பட எழுதியதும் உண்டு. கோப்பில் மதிப்புதான் இருக்கும், காரணம் இருக்காது. அதை ஆள்தான் எழுத வேண்டும்.

படிப்பகத்துக்கு இன்னும் நாலைந்து பெட்டி இருந்தால் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய மடிக்கணினி தூங்கிக்கொண்டிருக்கலாம். எங்களுக்குத்தான் என்றில்லை, உங்கள் ஊர்ப் படிப்பகம் எதற்காவது கொடுத்துவிடுங்கள். சார்ஜரையும் மறக்காமல் சேர்த்துக் கொடுங்கள்.